இடது பக்கத்து பிரேக்

முன்னாடி பதினேழு வண்டி நிக்குது. எண்ணியாச்சு. இன்னொருக்கா எண்ணினாலும் பதினேழுதான் வரும், ஆனாலும் எண்ணறேன், வேற என்ன பண்றது, பழைய மில்லோட காங்கிரீட் களத்துல, பத்து மணி வெயில்ல, இரவல் ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவன் வேற என்னத்த எண்ணுவான். அம்பத்திமூணு வயசுல ரேஸ் ஓட்ட வந்துட்டான் இந்தக் குழந்தைவேலு. பேருக்கேத்த வேலைதான் போ. ரேஸ்னா பெரிய ரேஸும் இல்ல இது, ஆட்டோகிராஸ்ங்கறாங்க. அவனவன் சொந்த வண்டியக் கொண்டு வரணும். களத்துல ஆரஞ்சுக் கலர் கோனுங்கள நிறுத்தி வெச்சிருப்பாங்க. ஒரு நேரத்துக்கு ஒரே வண்டி, அந்தக் கோனுங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போயி கடைசியில ஒரு கட்டத்துக்குள்ள நிக்கணும், எத்தன விநாடிங்கறதுதான் பேச்சு, கோனைத் தட்டினா ரெண்டு விநாடி சேத்துக்குவாங்க. எனக்கு முன்னாடி நிக்கறவன் எஞ்சினை உறும விட்டுக்கிட்டே இருக்கறான், அவனுக்கு ஜெயிக்கணும். பின்னாடி நிக்கற பொண்ணு கண்ணாடியில தலைய சரி பண்ணுது, அதுக்கும் ஜெயிக்கணும். இங்க வந்த அறுபது பேருல தோத்துப்போகணும்னு வேண்டிக்கிட்டு வந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். என் வலது கால் மெதுவா வேலை செய்யுதுன்னு இன்னிக்கு ஸ்டாப்வாட்ச் சொல்லணும். கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள வண்டி கட்டத்தத் தாண்டிப் போயி கோனையெல்லாம் வாரிக்கிட்டு நிக்கணும், பார்க்கறவன் சிரிக்கணும், பெருசுக்குக் கால் வராதுடான்னு எவனாச்சும் சொல்லணும். அது போதும் எனக்கு. கால் மெதுவுன்னா நானும் மனுஷன்தான், வயசாச்சு, சுகர் இருக்குது, என்ன பண்ண முடியும். கால் மெதுவில்லைன்னா... வேண்டாம், அதை இப்ப நெனைக்க வேண்டாம். கொடி விழுந்துருச்சு. பதினாறு.

இருபத்திரண்டு வருஷம் இடது பக்கமே உக்காந்தவனுக்கு இந்த வலது பக்கம் வாடகைக்கு வந்த வீடு மாதிரி இருக்குது. டிரைவிங் ஸ்கூல்காரன் பொழப்பு அப்படி. கத்துக்க வர்றவங்க வலது பக்கம், மாஸ்டர் இடது பக்கம், மாஸ்டர் காலுக்குக் கீழயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். வண்டிய ஓட்டறது தான்தான்னு அவங்க நெனச்சுக்குவாங்க, நிறுத்தறது நானு. வாயும் காலும் ஒண்ணாத்தான் வரும் எனக்கு. நாய் குறுக்க வரட்டும், டவுன்பஸ் திடீர்னு ஒதுங்கட்டும், ‘பிரேக்கும்மா’ன்னு வாய் சொல்றதுக்கும் கால் இறங்கறதுக்கும் நடுவுல மயிரிழை எடம் இருக்காது. வாய் சொல்லாம கால் போனதில்ல, கால் போகாம வாய் சொன்னதில்ல. ஆம்பளைங்க ஓட்டினாலும் ‘பிரேக்கும்மா’தான், நாக்குல ஒட்டிக்கிச்சு. பாங்க் மேனேஜர் ஒருத்தர், முறுக்கு மீசை, ‘என்னையும் அம்மாங்கறீங்களே மாஸ்டர்’னு ஒரு நாள் கேட்டே போட்டார். தூக்கத்துல கூட சொல்றேனாம், சொல்லிப்போட்டுக் கால உதைக்கறேனாம், பூங்கோதை கட்டில்ல நடுவுல தலகாணி வெச்சுப் படுத்த காலமெல்லாம் உண்டு. இப்பல்லாம் நீங்க உதைக்கறதே இல்லீங்கன்னு போன மாசம் சொன்னா. பொண்டாட்டி அத ஒரு நல்ல சேதியா சொல்றா. இந்த வண்டியிலயும் அந்த இடது பக்கத்துப் பெடல் இப்ப இல்ல. கழட்டியாச்சு. கழட்டின எடத்துல கறுப்பு டேப் ஒட்டியிருக்குது. கதவுல சிவப்பா எல் எழுதியிருந்த எடத்துல காலைல நாப்பத்தேழுன்னு நம்பர் ஒட்டிக் கொடுத்தாங்க. பெயின்ட்ட நானேதான் சுரண்டினேன், உப்புத்தாள் வெச்சுத் தேச்சேன், ஆனாலும் பக்கவாட்டு வெயில்ல நம்பருக்கு அடியில எல் தெரியத்தான் செய்யுது. அதே வண்டி. வித்துப்போடுங்கன்னு பூங்கோதை எத்தன தடவ சொன்னா, காது கேக்காத மாதிரியே இருந்துட்டேன். விக்க முடியுமா, எவன்கிட்ட விப்ப, வாங்கறவன் குழந்தைகுட்டியோட அதுல ஏறி உக்காருவானே, என்னன்னு சொல்லி விப்ப.

தொடையில அதிருது. போன். கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, பாக்கெட்டு காலி. சீ. போன்தான் இல்லையே. உள்ள வந்ததும் ஒருத்தர் ஒவ்வொரு வண்டியா பார்த்தாரு, பேட்டரி ஆடுதா, பெல்ட்டு பூட்டுதா, பெடல் அமுங்குதான்னு. வண்டிக்குள்ள உருள்ற சாமான் ஒண்ணு இருக்கக் கூடாதாம், எல்லாத்தையும் எறக்கி வெச்சிருங்கன்னாரு. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில், மிதியடி, டேஷ்போர்டுல இருந்த பிள்ளையாரு எல்லாத்தையும் எறக்கி, ஒரு நீல பிளாஸ்டிக் வாளிக்குள்ள போனையும் போட்டு, அதோ அந்தத் தார்ப்பாய்ல வெச்சிருக்குது. இங்கிருந்து பார்த்தாத் தெரியுது. வாளிக்குள்ள கெடக்கற போன் என் தொடையில எப்படி அதிரும். ஆனா அதிருது. எட்டு மாசமா அதிருது. ‘எறக்கி வெச்சிருங்கண்ணா, போன் பறந்து வந்து பெடலுக்கு அடியில மாட்டினா வம்பு’ன்னு அந்த ஆளு சொன்னப்ப ஒரு நொடி அவரு மூஞ்சியப் பார்த்தேன், தெரிஞ்சுதான் சொல்றாரோன்னு. அவருக்கு என்ன தெரியும், பாவம், எல்லாருக்கும் அதையேதான் சொல்லிட்டு வந்தாரு. நிர்மல் பக்கத்துலதான் நின்னான். என்னை இங்க கூட்டி வந்தவன் நிர்மல்தான், ஆறு வருஷத்துக்கு முந்தி எங்கிட்டக் கத்துக்கிட்ட பையன், இப்ப மோட்டார் பம்ப் கம்பெனியில இன்ஜினியரு, கல்யாணமே ஆயிருச்சு. ஞாயித்துக்கிழமையானா இங்கதான் கெடப்பான். நம்ம ஸ்கூல்ல கத்துக்கிட்டவங்க குரூப்புல இந்த வீடியோவா அனுப்பிக்கிட்டே இருப்பான், ஒருக்கா வாங்க மாஸ்டர், ஒருக்கா வாங்க மாஸ்டர்னு. போன மாசம் நானே கூப்பிட்டு, என் கால் லேட்டாகுதான்னு பார்க்கணும், வர்றேண்டான்னதும் ஆடிப்போயிட்டான். முதல் தடவ ஓட்டறவங்களுக்குப் பக்கத்துல அனுபவம் உள்ள ஆள் ஒருத்தர் உக்காரலாமாம், அவனேதான் எனக்கு உக்காரப் போறான். இடது பக்கம். டேப்புக்கு மேல கால வெச்சுக்கிட்டு.

பதிமூணு. ஒரு பச்சை வண்டி கோனை இழுத்துக்கிட்டே போகுது, எல்லாரும் கைதட்டறாங்க. கோன் விழுந்தா ஓடிப்போயி நிமிர்த்தி வெக்கறதுக்கு ஓரத்துல ஆளுங்க நிக்கறாங்க, ஆரஞ்சுச் சட்டை. விழுந்தா நிமிர்த்தி வெச்சரலாம் இங்க. அன்னிக்கு ரோட்டுல வந்தவரு கையில ஒரு சைக்கிள் இருந்துது. மாரப்பன். ஓட்டிட்டு வரல, தள்ளிட்டுத்தான் வந்தாரு, கேரியர்ல புண்ணாக்கு மூட்டை, தடாகம் ரோட்டுல இருந்து பால் சொசைட்டிக்கு உள்ள போற அந்தத் தார் ரோட்டுல, ஏழு பத்து இருக்கும், ஆடி மாசத்துக் காத்து. ஓட்டினது ஜெசிந்தா. நர்ஸு, இருபத்தொம்பது வயசு, நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா கிளாஸுக்கு வந்துரும், பதினேழாவது கிளாஸ் அன்னிக்கு, நல்லாவே ஓட்டுச்சு, மூணாவது கியர், முப்பதுல போகுது. ரோடு காலி. அவ்வளவு காலி. போன் அதிர்ந்துது. எடுக்கல நானு. ரெண்டு தடவ அதிர்ந்துது, அவ்வளவுதான், ஸ்டேஷன்லயும் அதத்தான் சொன்னேன், போன் வந்துது, எடுக்கலீங்க சார். மாரப்பன் ஓரத்துல இருந்து ரோட்டுக்கு எறங்கினாரு. அந்தப் புள்ள பயந்துபோயி பிரேக்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுருச்சு, எல்லாரும் பண்றதுதான், நாலாயிரம் பேரு பண்ணியிருக்காங்க என் வண்டியில, அதுக்குத்தானே என் காலுக்குக் கீழ ஒரு பிரேக்கு. எறங்கினப்ப அவரு அறுபதடி முன்னாடி இருந்தாருன்னு அளந்து பார்த்த போலீஸ்காரர் சொன்னாரு. அறுபதடி. அறுபதடி இருந்தா அந்த வேகத்துக்கு எருமையே குறுக்க வந்தாலும் நிறுத்திப்போட்டு ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அன்னிக்கு என் கால் போனது சத்தம் கேட்ட பொறகு. புண்ணாக்கு மூட்டை கிழிஞ்சு ரோடெல்லாம் கொட்டிக் கெடந்துது, கடலப் புண்ணாக்கு, அந்த வாசம், அவரு பக்கத்துல மண்டி போட்டப்ப என் முட்டியில குத்துன அந்தச் செதிலு. அந்தப் புள்ள அழுதுக்கிட்டே அவரு கழுத்தப் புடிச்சு நாடி பார்த்துது. ஒம்பது நாள் இருந்தாரு. ஒம்பதாம் நாள் சாயங்காலம் போயிட்டாரு. எடுத்தேன். போன எடுத்தேன், சரி, எடுத்தது நெசந்தான், ஆனா பார்க்கல, யாருன்னு பார்க்கறதுக்கு எடுத்தேன், கண்ணு ரோட்டுலதான் இருந்துது.

ஸ்டேஷன்ல நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே ஜெசிந்தா சொல்லிப்போட்டா, ‘சார் மேல ஒரு தப்பும் இல்லீங்க, அவரு பிரேக்னு சொன்னாரு, எனக்குத்தான் காதுல விழல, நான்தான் மாத்தி மிதிச்சுட்டேன்’னு. நான் சொன்னேனா. சொல்லியிருப்பேன்னு அவளுக்கு நம்பிக்கை, ஏன்னா பதினாறு கிளாஸும் சொல்லியிருக்கேனே. எழுதிக்கிட்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தாரு, சொன்னீங்களான்னு, நான் தலைய ஆட்டினேன். எப்படி வேணா எடுத்துக்கற மாதிரி ஒரு ஆட்டு. அவரு ஆமான்னு எழுதிக்கிட்டாரு. குவைத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அவளுக்கு வேலை ஆயிருந்துது, போலீஸ் சர்டிபிகேட் வேணும்னாங்க, கேஸ் இருக்கறப்ப எவன் குடுப்பான், அந்த வேலை போச்சு. ஸ்டீயரிங்கத் தொடறதில்ல, ஆட்டோவுல முன்னாடி பார்த்துக் கூட உக்கார மாட்டேங்கறாளாம், அவங்கம்மா சொன்னாங்க. கார்த்திகை மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல அவளைப் பார்த்தேன். பாதியா எளைச்சுப் போயிருந்தா. ‘தூக்கமே வரல சார், அவரு கண்ணு என்னையேதான் பார்த்துது’ன்னா. என்னால அதுக்கு மேல தாங்க முடியல, அப்பத்தான் அந்தச் சொல்லு வாயில வந்துது, கால். எனக்குக் கால் மரத்துப்போகுதும்மா, சுகர், அன்னிக்கு என் காலும் லேட்டாத்தான் போச்சு, தப்பு உன் மேல மட்டும் இல்ல, பாதி என் கால் மேலன்னேன். எப்படி வந்துதோ. அவ என் காலக் குனிஞ்சு பார்த்தா, நர்ஸு இல்லியா, செருப்பக் கழட்டுங்க சார்னா. அழுக நின்னுருச்சு. நேத்து ராத்திரி வீட்டுல சோறு எறங்குச்சு சார்னு மறுநா போன் பண்ணிச் சொன்னா. அதுல இருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு டூட்டி முடிஞ்சதும் கூப்பிடுவா, கால் எப்படி இருக்கு சார், மாத்திரை போடறீங்களா சார். சொல்லிச் சொல்லி நானே நம்பிப்போட்டேன். காலு ஜிவ்வுனு மரத்துக்கூடப் போச்சு, சத்தியமா. டாக்டர் ஒரு நைலான் நூலால உள்ளங்கால்ல தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு, கண்ண மூடிக்கிட்டு எங்க தொடறேன்னு சொல்லுங்கன்னாரு, எல்லாத்தையும் சரியாச் சொன்னேன். ‘கால் ஏ-ஒன்னா இருக்குதுங்க’ன்னாரு. உம்மூஞ்சி, நூலுக்கு என்ன தெரியும்னு எந்திரிச்சு வந்துட்டேன். அப்பத்தான் இந்த ஆட்டோகிராஸ் ஞாபகம் வந்துது. விநாடியில நூறுல ஒரு பங்கு வரைக்கும் காட்டுமாம் இவங்க மெஷினு. அவகிட்டச் சொன்னேன். ‘அதுல தெரிஞ்சுருமா சார்?’னா. தெரிஞ்சுரும்மான்னேன். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன் சார், சொல்லுங்கன்னா.

ஆறு. காலைல எல்லாரையும் கூட்டிக்கிட்டு களத்தை ஒரு சுத்து நடக்க விட்டாங்க, எந்தக் கோனுக்கு எந்தப் பக்கம் போகணும்னு மனசுல ஏத்திக்கணுமாம். எளவட்டமெல்லாம் கைய இப்படி அப்படி ஆட்டிக்கிட்டு மந்திரம் சொல்ற மாதிரி நடந்துதுங்க. எனக்கு மனப்பாடம் பண்ண ஒண்ணுமில்ல, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தே காலம் போனவன், எட்ட நாலு தடவ அடுக்கி வெச்சா இதுதான். கண்ண மூடினாத் தெரியுது. அதுதான் கஷ்டமே. கண்ண மூடினா எல்லாம் தெரியுது, ரோட்டோரத்துச் சீமக்கருவேலம், சொசைட்டிக் கேன் ஏத்தின வண்டி போன தடம், ஜெசிந்தாவோட வாட்ச்சு தலைகீழா மார்ல குத்தியிருந்தது, எல்லாம். மாரப்பன் மட்டும் தெரிய மாட்டேங்கறாரு. ரோட்டுல எறங்குன மாரப்பன் ஒரு தடவகூட என் கண்ணுக்கு வரல. அவளுக்கு ராத்திரியெல்லாம் வர்றாரு, எனக்கு வர மாட்டேங்கறாரு. ஏன்னு கேட்டுக்கக் கூடாது. கேட்டா பதில் வந்துரும். வெயில் ஏறிருச்சு, காங்கிரீட்டுல இருந்து சூடு கெளம்புது, கருகின டயர் வாசம், முதுகெல்லாம் நனைஞ்சு சீட்டோட ஒட்டிக்கிச்சு. இப்பவே வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம். பூங்கோதை சந்தோஷப்படுவா. ‘ஏனுங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கிறுக்குத்தனம்’னு காலைல இட்லி வெக்கறப்பக் கூடக் கேட்டா. போயிரலாம். பின்னாடி வண்டி நெருக்கி நிக்குது, முன்னாடி வண்டி நெருக்கி நிக்குது, திருப்பறதுக்கு எங்க எடம்.

கதவத் தொறந்து நிர்மல் ஏறினான். ‘என்னங்க மாஸ்டர், மூஞ்சி இப்படி வேர்க்குது? ஏனுங், பயமா?’ன்னு சிரிச்சான். எனக்கென்னடா பயம்னேன். பெல்ட்டப் பூட்டிக்கிட்டு காலை நீட்டி டேப்பைப் பார்த்தான், நீட்டின காலைப் பின்னுக்கு இழுத்துக்கிட்டான், அவனுக்கும் தெரியுமில்ல. பொறகு, ‘மாஸ்டர், நீங்க எனக்குச் சொன்னதையே நான் உங்களுக்குச் சொல்றேன், ரோட்டப் பாருங்க, கோனப் பார்க்காதீங்க, கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போகும்’னான். ஹெல்மெட்டுக்குள்ள என் மூச்சு எனக்கே எரைச்சலாக் கேக்குது. கண்ணு போற எடத்துக்குத்தான். நானா சொன்னேன் அத? நாலாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன். ரெண்டு. ஒண்ணு. கோட்டுக்கு வந்துட்டோம். கொடிய வெச்சிருந்தவர் கட்டை விரலக் காட்டினாரு, நான் பழக்க தோஷத்துல ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டி, பொறப்படறேன்னு ஆர்.டி.ஓ.வுக்குக் காட்டற மாதிரி சிக்னல் காட்டிப்போட்டேன், அவரு திருதிருன்னு முழிச்சாரு, நிர்மல் வாயப் பொத்திக்கிட்டான். கொடி விழுந்துது. மிதிச்சேன். இத்தன வருஷத்துல இந்த வண்டிய நான் இப்படி மிதிச்சதில்ல, வண்டி கத்துது, இடது, வலது, இடது, கோனுங்க பக்கத்துல சர்ருசர்ருன்னு போகுது, டயரு கீச்சுங்குது, நிர்மல் ‘சூப்பர் மாஸ்டர், சூப்பர்’ங்கறான், எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், எட்டு மாசத்துல முதல் தடவையா மனசுல ஒண்ணுமே இல்ல, ரோடு மட்டும் இருந்துது. கடைசி வளைவு. அதுக்கு அப்பால நேர் ஓட்டம், அதுக்கப்புறம் கட்டம், அங்கதான் கால் லேட்டாப் போகணும், லேட்டாப் போ தாயே, லேட்டாப் போ. வளைவு திரும்பினேன். ஆரஞ்சுச் சட்டை. பொம்பளப் புள்ள ஒண்ணு, எனக்கு முந்தின வண்டி தட்டுன கோனை எடுக்கறதுக்குக் குனிஞ்சிருக்குது, நான் கெளம்பினது அதுக்குத் தெரியல போல. ‘பிரேக்கும்மா!’

வண்டி நின்னுபோச்சு. நின்னதுக்கப்புறந்தான் நான் கத்தினது என் காதுக்கே கேட்டுது, கால் பெடலைத் தரையோட அமுத்திக்கிட்டு இருந்துது. அந்தப் புள்ளைக்கும் பம்பருக்கும் நடுவுல இன்னும் ரெண்டு வண்டி நிறுத்தலாம். அதுக்கப்புறந்தான் ஓரத்துல செவப்புக் கொடி ஏறுச்சு. அதுக்கும் அப்புறந்தான் நிர்மல் ‘ஐயோ’ன்னான். புள்ள நிமிர்ந்து பார்த்து, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுது, சிரிச்சுது கூட. யாரோ விசில் அடிச்சாங்க. ‘மாஸ்டர், என்னங்க மாஸ்டர் இது, நான் பார்க்கறதுக்கு முந்தி நிறுத்திப்போட்டீங்க. வாயும் காலும் ஒண்ணா வருது, அன்னிக்கு எனக்குக் கத்துக்கொடுத்தப்ப எப்படியோ அப்படியே இருக்குது. உங்க கால் லேட்டுன்னு எவன் சொன்னான்?’ கிட்டக்க வந்த ஒருத்தர் ஜன்னல்ல குனிஞ்சு, தப்பு எங்க மேலதாங்க, உங்களுக்கு மறு ஓட்டம் தர்றோம்னு சொல்லி தோளத் தட்டிக்கொடுத்தாரு. நான் காலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நடுங்கக்கூட இல்ல. எழவெடுத்த கால். நல்ல கால். அப்பழுக்கில்லாத கால். கண்ணு பார்த்தா வாய் சொல்லும், வாய் சொன்னா கால் போகும், இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான், ஒரு நாளும் தப்பினதில்ல, அன்னிக்கும் தப்பியிருக்காது. அன்னிக்கு வாயும் சொல்லல, காலும் போகல. ஏன்னா கண்ணு அங்க இல்ல. போன எடுத்தேன், குரூப்புல வீடியோ வந்திருந்துது, அமுத்தினேன், ஒரு செவப்பு வண்டி கோனுங்களுக்கு நடுவுல தட்டாமாலை சுத்துச்சு, அட இவன் பாருன்னு மனசுக்குள்ள சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் சத்தம் கேட்டுது. அதான் மாரப்பன் என் கண்ணுக்கு வர்றதில்ல. பார்த்திருந்தாத்தானே வருவாரு. அந்த வீடியோ அனுப்புனவன் பக்கத்துல உக்காந்து என் முழங்காலத் தட்டித் தட்டிச் சிரிக்கறான். அவனை என்ன சொல்ல. அவன் அனுப்பத்தான் செஞ்சான்.

வண்டிய ஓரங்கட்டி எறங்கினோம். மறு ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்குது, தண்ணி குடிங்க மாஸ்டர்னு நிர்மல் தார்ப்பாய்க்குக் கூட்டிப் போனான். நீல வாளி பூராவும் அதிர்ந்துக்கிட்டு இருந்துது. மணி பதினொண்ணு அஞ்சு. நான் கைய நீட்டறதுக்கு முந்தி அவன் எடுத்துட்டான். ‘ஜெசிந்தா சிஸ்டர்னு வருதுங்க’ன்னு சொல்லி, ஸ்பீக்கர்ல போட்டு, ‘சிஸ்டர், நான் நிர்மல், மாஸ்டர் ஸ்டூடன்ட்டு. மாஸ்டர் கால் இருக்குதே, யப்பா, குறுக்க ஒரு பொண்ணு வந்துருச்சு, நானெல்லாம் பார்க்கவே இல்ல, அதுக்குள்ள நிறுத்திட்டாருங்க!’ன்னான். போனுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடறது கேட்டுது. ‘அப்ப சாரோட கால்ல ஒண்ணும் இல்லீங்களா?’ன்னா. ‘ஒண்ணுமே இல்லீங்க சிஸ்டர், குதிரைக் கால்’னு சொல்லி போனை என் கையில திணிச்சுட்டு தண்ணி எடுக்கப் போயிட்டான். ஸ்பீக்கரை நிறுத்திக் காதுல வெச்சேன். ‘சந்தோஷம் சார்’னா அவ. ‘நெசமாவே சந்தோஷம். சுகர் காலுக்கு வந்துருச்சுன்னா ரொம்பக் கஷ்டம், நான் தெனம் பார்க்கறேனே.’ அப்புறம் மூச்ச இழுத்துக்கிட்டு, ‘அப்ப முழுசும் நான்தான் சார். பரவால்ல சார். பாதி உங்க மேலன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது, பெரிய மனசு சார் உங்களுக்கு’ன்னா. சொல்லு. இப்பச் சொல்லு. கால் போன மாதிரி நீயும் தானாப் போயேன் வாயே, யாரு சொல்லி அந்தக் கால் போச்சு, அப்படிப் போயேன். ஜெசிந்தான்னு ஆரம்பிச்சேன். ‘ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார், இதுக்கப்புறம் கேக்க மாட்டேன்’னா அவ. ‘அன்னிக்கு நீங்க பிரேக்னு சொன்னீங்கல்ல? எனக்குத்தான் கேக்கல, இல்லீங்களா?’ களத்துல அடுத்த வண்டிக்குக் கொடி விழுந்துது, டயரு கத்துச்சு, அது அடங்கற வரைக்கும் அவ காத்துக்கிட்டு இருந்தா.

‘சொன்னேம்மா’ன்னேன்.